மல்லி இல்லாத பூக்கடை

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து சந்தைக்குப் போகிற வழியில், டீக்கடைக்கு அடுத்தது என்னுடைய பூக்கடை. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கேட்கக்கூட வேண்டியதில்லை. மரிக்கொழுந்து வாசம் எங்கே கனமாக வருகிறதோ அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தால் நான் உட்கார்ந்திருப்பேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், ஒரு பக்கம் முடிவதற்குள் இரண்டு டீ குடித்துவிடுவேன். ஆனால் கொல்லிமலையில் என்னைப் போலப் பூக்கடை நடத்தியவன் எனக்கு முன்னால் ஒருவனும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. அப்படி எழுதினால் என் வீட்டுக்காரி சிரிப்பாள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலைக்குள்ளேயே திண்ணனூர் நாட்டில், ரோட்டை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் போகவேண்டிய ஊர். அங்கிருந்து வாழைத்தாரைத் தலையில் வைத்துச் சந்தைக்குச் சுமந்தவன் நான். பலாப்பழக் காலத்தில் பலா, அன்னாசிக் காலத்தில் அன்னாசி. என் கழுத்து இன்றைக்கும் கொஞ்சம் உள்ளே அமுங்கித்தான் இருக்கும். சட்டைக் காலர் காதைத் தொடும். ஒருநாள் தாருக்கு மேலே ஒரு கொத்துச் சாமந்தியைச் செருகிக்கொண்டு வந்தேன், வரப்பில் சும்மா பூத்துக் கிடந்தது. தாருக்கு ஆள் வருவதற்கு முன்னால் அந்தச் சாமந்தியை ஒரு அம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கழுத்தை அமுக்குகிற பாரத்தைவிட அதன்மேல் செருகிய பூவைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்றால், இனி எதைச் சுமக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த சந்தைக்குக் கூடை நிறையப் பூ மட்டும் கொண்டுவந்தேன். அந்தக் கூடை தள்ளுவண்டி ஆனது, தள்ளுவண்டி தகரக் கொட்டகை ஆனது, கொட்டகை இன்றைக்கு ஓடு போட்ட கடையாக நிற்கிறது. அதில் ஒரு கல்லைக்கூட அடுத்தவன் கொண்டுவந்து வைக்கவில்லை.

கடை நடத்துவதில் எனக்கு ஒரே சட்டம். கடையிலிருந்து வெளியே போகிற எதுவும் மண்ணில் விழுந்தால் மண்ணாகிவிட வேண்டும். பிளாஸ்டிக் கவர் கிடையாது. நைலான் நூல் கிடையாது. மாலையில் ஜிகினா கிடையாது, தெர்மாகோல் உருண்டை கிடையாது. வாழைநாரில் கட்டுவோம், வாழைப்பட்டையில் வைத்து ஈரச்சாக்கைப் போர்த்துவோம், வாழை இலையில் மடித்துக் கொடுப்போம். மூன்றும் என் தோட்டத்து மரத்திலிருந்தே வரும். தார் வெட்டிய மரத்தை மற்றவர்கள் சாய்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் அந்த மரத்தில் வேலையே ஆரம்பிக்கும். கோயிலில் வாடிய மாலை, கல்யாணத்தில் மிஞ்சிய பூ, எல்லாவற்றையும் நானே போய்த் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து கடைக்குப் பின்னால் உள்ள எருக்குழியில் போடுவேன். அந்த எருவில்தான் என் மிளகுக் கொடி ஏறுகிறது. வந்து பாருங்கள், கொடி மூடிச் சில்வர் ஓக் மரமே தெரியாது.

இந்தச் சட்டம் குச்சிக்கிழங்கிலிருந்து, அதுதான் மரவள்ளியிலிருந்து, வந்தது. கடைத்தெருவுக்குக் கீழே எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மழை பெய்தால் தெருவில் கிடப்பதெல்லாம் அங்கேதான் இறங்கும். ஒரு வருஷம் கிழங்கு பிடுங்கியபோது, ஒரு கிழங்கு பிளாஸ்டிக் கவருக்குள் புகுந்து வளர்ந்திருந்தது. நடுவில் கவர் முறுக்கிக்கொண்டு, அரைஞாண் கயிறு இறுகிப் போன குழந்தை இடுப்பு மாதிரி இருந்தது. வீட்டுக்காரி அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவிக்கவும் மனசு வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை. அதை அப்படியே கடையில் கட்டித் தொங்கவிட்டேன். சுருங்கிப் போகும்வரை அங்கேதான் தொங்கியது. கவர் கேட்பவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவேன்.

கல்யாணக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். மாலை மொட்டையாக இருக்கிறது, போட்டோவில் மினுங்காது என்றார்கள். நான் விடுவேனா? பச்சை மிளகுச் சரத்தைத் தொங்கலாக வைத்து, நடுநடுவே செக்கச்செவேல் என்று காப்பிப்பழத்தைக் கோத்து ஒரு மாலை கட்டிக் காட்டினேன். வாசலூர்பட்டி ஏரியில் படகில் போக வந்த டவுன்காரர்கள் காரை நிறுத்தி அந்த மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஜிகினா கேட்டவர்கள் காப்பிப்பழம் கேட்டார்கள். கட்டியது வீட்டுக்காரியின் விரல், யோசித்தது என் தலை. இதை அவள் வேறு மாதிரி சொல்லுவாள். அவள் எழுதும்போது அப்படி எழுதிக்கொள்ளட்டும்.

இந்தச் சட்டத்தால் ஒரே ஒரு குறை வந்தது. கீழே சமவெளியிலிருந்து வரும் பூவை நிறுத்த வேண்டியதாயிற்று. அது கவரில், ஐஸ் கட்டியோடு, தெர்மாகோல் பெட்டியில் அடைத்துத்தான் மலை ஏறும். பெட்டியைத் திறந்தால் பூ வாசத்துக்கு முன்னால் மருந்து வாசம் வரும். மலையில் பூப்பது மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். சாமந்தி, செண்பகம், கோழிக்கொண்டை, மரு, மரிக்கொழுந்து. ஆனால் மலைக் குளிரில் மல்லி பூக்காது. அதனால் என் கடையில் மல்லி இல்லாமல் போயிற்று.

அந்த நர்சம்மா வந்த முதல் நாளே இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தவர், வீட்டுக்காரர் பிள்ளைகள் எல்லாம் ஊரில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகத் தலைக்குப் பூ வேண்டும் என்று வந்தார். கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “பூக்கடைன்னு போர்டு வச்சிருக்கீங்க, மல்லி எங்க?” என்றார்.

“மல்லி இல்லீங்க சிஸ்டர். சாமந்தி இருக்குதுங்க, செண்பகம் இருக்குதுங்க, மரிக்கொழுந்து இப்பத்தான் அறுத்ததுங்க...”

“மல்லி இல்லாம என்னய்யா பூக்கடை? போர்டை இறக்கிட்டுத் தழைக்கடைன்னு எழுதி மாட்டுங்க.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரன் சிரித்த சிரிப்பில் டீ கீழே போயிற்று. அன்றிலிருந்து அவனுக்கு நான் தழைக்கடைக்காரர். ஆனால் அந்த அம்மா போகும்போது ஒரு கிள்ளு மரிக்கொழுந்தை எடுத்து முகர்ந்து பார்த்து, கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு போனார். எனக்குக் கோபம் வரவில்லை. வாய் உள்ள ஆள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். எனக்கும் வாய் உண்டே.

வீட்டுக்காரிக்குச் சர்க்கரை இருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. காட்டில் செருப்பில்லாமல் நடப்பவள். வெட்டின மூங்கில் கட்டை ஒன்று கால் கட்டைவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டினோம். ஆறவில்லை. விரல் கறுக்க ஆரம்பித்தபோது கீழே நாமக்கல் கூட்டிப்போனேன். அங்கே பார்த்தவர்கள், விரலை எடுக்க வேண்டி வரலாம், புண்ணைத் தினமும் சுத்தம் செய்து பார்ப்போம், ஆறவில்லையென்றால் எடுத்துவிடலாம் என்றார்கள். மலை ஏறி வருகிற வழியெல்லாம், ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பும்போது அந்தக் கால் முன் சீட்டில் இடிக்காமல் நான் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன்.

நர்சம்மா கேள்விப்பட்டு அவராகவே கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கி அந்தக் காலை இன்னும் கெடுக்க வேண்டாம், டூட்டி முடிந்து போகிற வழிதானே, நானே வருகிறேன் என்றார். சொன்னபடி தினமும் வந்தார். பூக்கூடைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பலகையில் உட்கார்ந்து, வீட்டுக்காரியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். முதல் நாள் இவள் காலை இழுத்துக்கொண்டாள். “ஐயோ, உங்க மடியிலயாங்க?” என்றாள். “பிள்ளை பெத்தவங்க எத்தனை பேரு காலைப் பிடிச்சிருக்கேன். இது ஒரு காலா? நீங்க பாட்டுக்குப் பூவைக் கட்டுங்க” என்றார் அவர்.

இவள் கை பூவைக் கட்டும். அவர் கை புண்ணைத் துடைக்கும். வலி தெரியாமல் இருக்கத்தானோ என்னவோ, அவர் தன் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். காடு காடாக மல்லியாம். விடிவதற்கு முன்னால் மொட்டு எடுப்பார்களாம். “சாயங்கால பஸ்ல ஏறினா முதல்ல வாசந்தான் ஏறும், அப்புறந்தான் ஆளு ஏறும்” என்பார். இவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் எந்த வீட்டுக்கு எதிரே கிணறு, எந்தக் காட்டு மல்லி கனமாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நான் வியாபாரம் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் மல்லி என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். வீட்டை நினைக்கிறார் என்று தெரியும்.

விரல் பிழைத்தது. புதுத்தோல் மூடிய அன்றைக்கு நான் ஒரு தார் வாழையும் மலைத்தேனும் கொண்டுபோய் வைத்தேன். தொடவே இல்லை. வழக்கம்போல ஒரு கிள்ளு மரிக்கொழுந்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பேருக்குப் பூக் கொடுக்கிறவன், இவருக்கு வேண்டிய ஒரு பூவைக் கொடுக்க முடியவில்லையா? டீக்கடைக்காரனைச் சாட்சியாகக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னேன்.

“சிஸ்டர், இந்த மண்ணுலயே மல்லி வளத்துறேனுங்க. நீங்க ரிட்டயர் ஆயிப் போற அன்னிக்கு, என் செடியில விரிஞ்ச மல்லியைத் தலையில வெச்சுக்கிட்டுத்தான் பஸ் ஏறோணும். இல்லீன்னா நானே என் கையால இந்தப் போர்டை இறக்கிப் போடறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அடுத்த தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு மல்லிப் பதியன் கொண்டுவந்தார், வேரில் தாய்மண்ணோடு. அதையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டித்தான் கொண்டுவந்தார். நான் செடியை எடுத்துக்கொண்டு கவரைத் திருப்பி நீட்டினேன். “செடி எனக்கு, கவர் உங்களுக்குங்க சிஸ்டர்” என்றேன். என் மேல் ஏதாவது சத்தம் போடுவார் என்று பார்த்தேன். கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அடுத்த தடவை வாழைப்பட்டையில சுத்தி எடுத்தாறேன்” என்றார்.

எங்கே நடுவது என்பதில் என் மூளையைப் பாருங்கள். டீக்கடையின் விறகடுப்பு எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே உள்ள சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். அதன் பின்பக்கம், என் எருக்குழிக்கும் பக்கத்தில் நட்டேன். காலுக்கு எரு, முதுகுக்குச் சூடு. டீக்கடைக்காரன் வந்து பார்த்து, “தழைக்கடைக்காரரே, இது பூத்தா மல்லி வாசம் வராது, இஞ்சி டீ வாசந்தான் வரும்” என்றான். மருந்து ஒரு சொட்டு அடிக்கவில்லை. வேப்பம்புண்ணாக்கும் சாம்பலும் வாடிய பூவின் எருவும்தான்.

செடி புதராக வளர்ந்தது. தழை என்றால் தழை, அப்படி ஒரு தழை. மொட்டும் வைத்தது. ஆனால் விரியவில்லை. பனியும் சாரலும் பட்டு, கண்ணை மூடியபடியே பழுத்து மஞ்சளாகி உதிரும். ஒரு சித்திரை வெயிலில் ஒரே ஒரு பூ விரிந்தது. அதை இலையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “விதைக்குக் குடுத்தீங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு மேஜைமேல் தண்ணீர் டம்ளரில் மிதக்கவிட்டார். சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், மிதந்துகொண்டுதான் இருந்தது.

அவர் ரிட்டயர் ஆன மாதம் ஆடி. எங்கள் மலையில் ஆடி என்றால் ஆளைத் தள்ளுகிற காற்று, கூடவே நூல் நூலாகச் சாரல். பகலிலேயே பஸ் லைட் போட்டுக்கொண்டு வரும். ஆனால் என் நல்ல நேரம், செடியில் அதுவரைக்கும் இல்லாத அளவு மொட்டு இருந்தது. கட்டினால் இரண்டு முழம் தேறும். அவர் மத்தியான பஸ்ஸில் கிளம்புகிறார். அதற்கு முந்தின நாள் விடியற்காலையில் நானே போய் எல்லாவற்றையும் எடுத்தேன். நன்றாக முற்றிய மொட்டு, வெள்ளைவெளேர் என்று. அன்று சாயங்காலம் விரிந்துவிடும், மறுநாள் வரை வாடாது என்பது என் கணக்கு. வீட்டுக்காரி நாரை நனைத்து நெருக்கமாகக் கட்டினாள். வாழைப்பட்டையில் வைத்து, ஈரச்சாக்கைப் போர்த்தி, கடையிலேயே குளிர்ச்சியான மூலையில் வைத்தேன். எங்கள் மலைப் பூக்களை அப்படித்தான் வைப்போம். குளிர்ச்சி இருந்தால் போதும், எல்லாம் தானாக முகம் காட்டும். மல்லியும் பூதானே என்று நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தேன். அரிசியைக் கோத்த மாதிரி அப்படியே இருந்தது. தண்ணீர் தெளித்தேன். மறுநாள் காலையில் பார்த்தேன். அதே அரிசி.

எனக்குப் பதறிவிட்டது. மொட்டு இரண்டாம் நாளும் மூடியே இருந்தால் அதற்கப்புறம் மஞ்சளாவதுதான், வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேனே. சரத்தில் பாதியை நறுக்கி எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். சூடு காட்டினால் விரியும் என்று அடுப்போரம் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே. விளிம்பு பழுப்பானது, பிறகு எல்லாம் சுருண்டது. விரியவில்லை. வீட்டுக்காரி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

“ஏனுங்க, பூ குடுக்கப் போறீங்களா, கடலை வறுத்துக் குடுக்கப் போறீங்களா?”

மீதிப் பாதியையும் எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, அதை வாழை இலையில் மடித்து நாரால் கட்டி, சேலை மடிப்பில் இடுப்போரம் செருகிக்கொண்டாள். அதற்குமேல் என்னை அதன் பக்கம் விடவில்லை.

மத்தியானம் நர்சம்மா பெட்டியோடு வந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வழியனுப்பி வைத்திருந்தார்கள். கையில் மினுமினுக் காகிதம் சுற்றிய பெரிய பூங்கொத்து, டவுனிலிருந்து வரவழைத்தது. அதை என் பலகைமேல் வைத்துவிட்டு, “இதுல உங்க குழிக்கு ஆகுறது எது, ஆகாதது எதுன்னு நீங்களே பிரிச்சுக்குங்கய்யா” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். போர்டை நிமிர்ந்து பார்த்தார். “என்ன, இறக்கிரலாமா?” என்று சிரித்தார்.

செம்மேட்டில் என் வாயை அடைத்தவர் யாரும் இல்லை. அன்றைக்கு மட்டும் சாமந்திக் கூடையில் தண்ணீர் தெளிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்காரிதான் மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். “விரியலீங்க சிஸ்டர். இவரு நேத்துப் புடிச்சு அதுகூடச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கறாரு. பாதியைக் கருக்கிப்போட்டாரு. மீதி இதுதானுங்க. மொட்டாத்தான் இருக்குது” என்றாள்.

நர்சம்மா இலையைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தார். வாசமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பழையபடி மடித்து, நாரை அதே முடிச்சில் கட்டினார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, வீட்டுக்காரியின் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. “காட்டுக்குச் செருப்பில்லாம இறங்கக் கூடாது, கேட்டுதா?” என்றார். இவள் தலையை ஆட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருக்கு. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார், தலையில் வைக்கவில்லை. இரண்டாம் நாளும் விரியாத, வாசமே இல்லாத மொட்டை எப்படி வைப்பார்? பஸ் போயிற்று. கொஞ்ச தூரத்திலேயே மஞ்சு மூடிவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்து அதுவும் நின்றது.

நான் சொன்ன சொல்லை விழுங்குகிறவன் இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டின் கம்பியை முறுக்கி அவிழ்த்து இறக்கினேன். எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சுவரோடு சாத்தி வைத்தேன். வீட்டுக்காரி தடுக்கவில்லை. டீக்கடைக்காரன் ஒரு டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு மட்டும் அவன் தழைக்கடைக்காரரே என்று கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே பஸ் திரும்பி மலை ஏறி வந்தது. கண்டக்டர் இறங்கி நேராக என் கடைக்கு வந்தார். கையில் வாழை இலைப் பொட்டலம். எங்கள் இலைதான், எங்கள் நார்தான். மடிப்பு மட்டும் சின்னதாகியிருந்தது.

“ஏனுங்க பெரியவரே, அந்தம்மாகிட்ட என்னத்தைக் குடுத்து அனுப்புனீங்க? பாதி வளைவு எறங்கறப்பவே லேசா மணக்க ஆரம்பிச்சிருச்சு. அடிவாரம் போறப்போ பஸ் பூரா அந்த வாசந்தான். டிரைவர் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு, யாரு பூ வெச்சிருக்கறதுன்னு. கீழ வெயிலு கொளுத்துதுல்ல. நாமக்கல்ல எறங்கறப்போ பிரிச்சுக் காட்டுனாங்க, அத்தனையும் வாயைத் தொறந்துருச்சு.”

பொட்டலத்தை வீட்டுக்காரியிடம் நீட்டினார். பிறகு சொன்னார்.

“தலையில வெச்சுக்கிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுனாங்க. பாதியைக் கிள்ளி இதை அக்காகிட்டக் குடுக்கச் சொன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. ‘அந்த மனுசன் இந்நேரம் போர்டை இறக்கியிருப்பாரு. மறுபடி மாட்டச் சொல்லு’ன்னு.”

வீட்டுக்காரி இலையைப் பிரித்தாள். ஒரு சாண் இருக்கும். ஒவ்வொன்றும் முழுசாக விரிந்து, உள்ளிதழ் வரைக்கும் வெள்ளை. என் எருவில் வளர்ந்த பூ, என் சுவரோரம் மொட்டு வைத்த பூ, மலை இறங்கிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அது செத்த மொட்டு இல்லை. குளிருக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. நான் அடுப்பில் காட்டியதை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

காலமெல்லாம் பூக்கட்டியும் அவள் தலையில் பூ வைத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. கைக்கு வருவதெல்லாம் விற்கிற பூ என்று இருந்துவிட்டாள். அதனால் அன்றைக்கும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான்தான் வாங்கினேன். பாரம் சுமந்த கை, ஒரு ஊசியைக் கொண்டையில் செருகுவதற்குள் இரண்டு தடவை அவள் மண்டையில் குத்திவிட்டேன்.

“இத்தனை வருசமா பூ விக்கற ஆளு, பூ வெச்சுவிடத் தெரியலைங்க” என்றாள்.

“வருசத்துக்கு ஒருக்கா வெச்சுப் பழகிக்கறேன், சும்மா நில்லு” என்றேன்.

அதற்குள் டீக்கடைக்காரன் தானாகவே வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஏறிப் போர்டை மாட்டினேன். கண்டக்டர் கீழே நின்று, இடது பக்கம் இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தூக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அது கொஞ்சம் கோணலாகத்தான் தொங்குகிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் கடையில் மல்லி உண்டு, ஆனால் மலை இறங்குகிறவர்களுக்கு மட்டும். பஸ் கிளம்பும்போது மொட்டாகக் கொடுப்பேன், வாழை இலையில். இங்கே பிரிக்காதீர்கள், கீழே போய்ப் பிரியுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். டவுன்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மறுபடி மலைக்கு வரும்போது அவர்களே தேடிக்கொண்டு வருவார்கள். இப்படி ஒரு வியாபாரம் இந்தியாவில் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

அந்த ஒரு சாண் பூ எங்கள் குளிரில் லேசில் வாடவில்லை. கீழே என்றால் ஒரு ராத்திரியில் பழுத்திருக்கும். இவள் மறுநாளும் அதைத்தான் வைத்திருந்தாள், அதற்கு மறுநாளும். வாடிய பூ எதுவாக இருந்தாலும் சாயங்காலம் குழிக்குப் போக வேண்டும் என்பது என் சட்டம். அந்தப் பூவைப் பற்றி மட்டும் நான் கேட்கவே இல்லை. ஒருநாள் காலையில் அவள் தலையில் அது இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். குழியில் போடவில்லை. மல்லிச் செடியின் தூரில், நாரோடு சேர்த்து, கையால் மண்ணைத் தள்ளி மூடியிருந்தாள்.